இரண்டாயிரத்து நூற்று நாற்பத்து மூன்று

வெளியே மைனஸ் நாற்பத்தெட்டு.
அதுவும் போதாதாம் உணரிக்கு.
திரவ நைட்ரஜனைச் சாய்த்து ஊற்றுகிறேன்.
யாகூட்ஸ்க் ஊரில்
குளிரைக் காசு கொடுத்து வாங்கும் ஒரே பைத்தியம் நான்.

மூன்றாம் மாடிக் குழாயில் பிடித்து வந்த காற்று
முழங்கை நீளக் கலத்துக்குள் நிறைகிறது.
கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே
முட்டித் திரும்பி முட்டித் திரும்பி
பத்து மீட்டர் நடந்து வருகிறது அகச்சிவப்பு ஒளி.

ஆக்ஸிஜன் அதைச் சட்டை செய்யாது.
நைட்ரஜனும் அப்படியே.
ஒரே அச்சில் வார்த்த இரட்டைகள்,
கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதவை.
காற்றில் பெரும்பங்கு ஊமை.
மிச்சம் மட்டும் பேசும்.
அந்த மிச்சத்தைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

இன்று பேசிவிட்டது.
சீப்பு மாதிரி வரிசையாகப் பற்கள்,
நடுவில் ஒன்று மட்டும் இல்லை.
இரண்டாயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
அந்தப் பொக்கை வாயை எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும்:
கார்பன் மோனாக்சைடு.
பத்து லட்சத்தில் ஏழு.
ஐந்து வரை பொறுக்கலாம் என்கிறது விதி.
கலத்தை அலசினேன். ஏழு.
மறுபடி அலசினேன்.
ஏழு புள்ளி ஒன்று.

மூன்றாம் மாடியில்
எண்ணூற்றுத் தொண்ணூறு கிராமில் ஒருத்தி.
பெயர் வைக்கவில்லை இன்னும்,
சீட்டில் 'வினோகுரோவாவின் மகள்'.
அவளுக்கு ஐந்தே அதிகம் என்று தோன்றுகிறது.
தோன்றுவதை எழுத
அறிக்கையில் கட்டம் இல்லை.

சிலிண்டருக்கு மாற்றச் சொல்லிவிட்டு
இரண்டு கோட்டு மாட்டிக்கொண்டு
பின்முற்றத்துக்குப் போனேன்.
புகை எழும்பாத குளிர்.
வெள்ளையாய்த் தரையில் படுத்துக் கிடந்தது.
ஆளுயரத்தில் கம்ப்ரசரின் மூக்கு.
அதற்கு நேர் கீழே
அக்டோபரிலிருந்து அணையாத ஆம்புலன்ஸ்.

"அணைத்தால் எழுந்திருக்காது, துயாரா"
என்றான் ஆய்தால், ஜன்னலை விரல்கடை இறக்கி.
பொய்யில்லை.
அந்தப் பெண்ணை நாம்ட்ஸியிலிருந்து
வலி வந்த ராத்திரியில் ஏற்றி வந்ததும் இதே இன்ஜின்தான்.
சண்டை போட வந்தவள்
சிறிது நேரம் வண்டிக்குள் உட்கார்ந்து கையைச் சூடாக்கிக்கொண்டேன்.

பிறகு அவன் வடக்கு வாசலுக்கு ஓட்டிப் போனான்.
இனி ஸ்ட்ரெச்சரோடு நாற்பது அடி கூடுதல்.
மூக்கைக் கூரைக்கு ஏற்றும் மனு
மூன்றாவது வருஷமாக யார் மேசையிலோ.
வேலிக்கு அப்பாலும் வண்டிகள்,
ஊரே அணைக்காத ஊர்.

நாலு மணிக்குத் திரும்பப் பிடித்தேன்.
சீப்பு தேய்ந்திருந்தது.
மூன்று புள்ளி நாலு.
'ஏற்கத்தக்கது' என்று எழுதினேன்.
'சுத்தம்' என்று எழுதவில்லை.

சற்றுத் தள்ளி இன்னொரு சின்ன மேடு,
கரியமில வாயு.
குழாயில் வந்ததில்லை அது.
மூடியைத் திறந்தபோது
ரொம்பக் குனிந்திருக்கிறேன்.

என் மூச்சைக் கழித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.