மூன்றாவது இழுப்பறை

சொகார். இரவு மூன்று பத்து. நோன்பு மாதம்.
ஏழாம் படுக்கையில் படகிலிருந்து நேரே வந்த சலீம்,
காலில் சீழ், கண்வரை காய்ச்சல்.
மருந்துப் பொடியைக் கரைக்க நீர் வேண்டும்.
இழுப்பறையைத் திறந்தேன், எடுத்தேன், கழுத்தைத் திருகினேன்,
உறிஞ்சினேன்.
இதில் எதையும் நான் யோசிக்கவில்லை.
பதினோரு வருடமாக யோசிப்பது கைதான்.

காலிக் குப்பி உருண்டது.
மேசை விளிம்பில்
எழுத்து மேலே பார்க்க நின்றது.
பொட்டாசியம்.

ஊசியைக் கீழே வைத்தேன்.
"ஸிஸ்டர், சஹருக்கு நேரமாயிற்றா?" என்றார் சலீம்.
இன்னும் இல்லை என்றேன்,
எதற்குப் பதில் சொல்கிறேன் என்று தெரியாமல்.

காலையில் படிவத்தை நானே நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'என் கவனக்குறைவு'.
அவ்வளவு சின்னக் கட்டம்,
வேறெதுவும் அதில் கொள்ளாது.

விடுதியில் மனசுக்குள் பெட்டி கட்டினேன்.
மார்த்தாண்டத்தில் வங்கிக் கடன் இன்னும் இருபத்திரண்டு தவணை.
"பேசாம இருந்திருக்கலாமே சுகிர்தா,
யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றாள் ரோஸ்லெட்,
சோற்றைப் பிசைந்தபடி.

ஞாயிறன்று வந்தவர் ஷுரூக் அல் பலூஷி.
மனிதக் காரணிப் பொறியாளர் என்றார்கள்.
லிஃப்ட் பார்க்க வந்தவர் என்று நினைத்தேன்.
விசாரணைக் கோப்பு இல்லை; கையில் அளவு நாடா.
என் உயரத்தை அளந்தார், இழுப்பறையின் உயரத்தையும்.
உள்ளே நீரும் பொட்டாசியமும்
ஒரே பிளாஸ்டிக், ஒரே நீல எழுத்து, ஒரு விரல் இடைவெளி.
இரவு விளக்கை மட்டும் போடச் சொல்லி
ஒரு குப்பியை எடுத்துப் படிக்கப் பார்த்தார்.
முடியவில்லை.

மூன்று இரவு ஓரமாய் ஒரு ஸ்டூலில்,
ஆறிப்போன கரக் சாயாவோடு.
பிறகு கணக்குச் சொன்னார்:
ஒரு மருந்தைக் கலக்கும் நேரத்தில்
நான்கு பேர் என்னைக் கூப்பிட்டார்கள்,
ஃபோன் இரண்டு தரம்,
பம்ப் அலறியது ஒன்பது முறை; அதில் எட்டு பொய்.
"இதையெல்லாம் இங்கே யாரும் எண்ணியதே இல்லையா?"
சம்பளத்தை எண்ணியிருக்கிறேன் என்றேன்.

கை எங்கே இருந்தது, கண் எங்கே,
விளக்கு எந்தத் தோளுக்குப் பின்னால்
எல்லாம் கேட்டார்.
யார் என்று மட்டும் கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன்:
அந்தக் குப்பி உருளாமல் இருந்திருந்தால்?
பேனாவை மூடினார்.
"அது அதிர்ஷ்டம்.
ஸ்டோரில் இண்டென்ட் போட்டு வாங்க முடியாது."

சலீமிடம் சொல்லிவிடவேண்டும் என்றதும் அவர்தான்.
என் உடைந்த அரபியில் சொன்னேன்.
வெகுநேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எங்கள் படகில் பெட்ரோல் கேனும் தண்ணீர்க் கேனும்
ஒரே வெள்ளை. ஒரு மத்தியானம் தம்பி
ஒரு மடக்குக் குடித்துவிட்டான்.
அவனை அடித்தேன்.
அடித்து முடித்த பிறகுதான்
பெட்ரோலைப் படகின் மறுகோடிக்கு மாற்றினேன்."

இப்போது பொட்டாசியம் கீழ்த்தளத்தில், பூட்டுக்குள்.
மேசைக்கு மேல் வெள்ளை விளக்கு.
தரையில் சிவப்பு நாடாவால் ஒரு சதுரம்;
உள்ளே நிற்பவரைக் கூப்பிடக் கூடாது.
'கபடிக் கோடா?' என்று டாக்டர் தியாகேசன் சிரித்தார்,
சதுரத்துக்கு வெளியே நின்றபடி
பெயர் சொல்லி அழைத்தார்.
இரண்டு வாரம் அழைத்தார்.
பம்ப் இன்னும் பொய் சொல்கிறது.
புதியது வர டெண்டராம்.

என் கையோ
இன்னும் பழைய இடத்துக்கே போகிறது,
மூன்றாவது இழுப்பறை, இடது ஓரம்.
அங்கே ஒன்றும் இல்லை.
வெறும் தட்டில் விரல் நகம் தட்டும்
அந்தச் சின்ன ஓசை கேட்டு
ஒவ்வொரு இரவும்
ஒருகணம் நின்றுவிட்டு
நீரை எடுக்கிறேன்.