நான்காம் நிரல்

படிவத்தில் நான்காம் நிரல்:
குளோரைட் காணப்படும் இடம்.
ஒரு விரலகலம் கூட இல்லை.
அம்பாறைக் கந்தோரில் யாரோ அடிமட்டம் வைத்துக்
கோடு இழுத்தபோது
இறக்காமத்து மலையை நினைத்திருக்க நியாயமில்லை.

காலை ஏழரைக்கு வந்திறங்கினேன்.
கிரஷர் அதற்கு முன்பே மெல்லத் தொடங்கியிருந்தது.
வேப்பமரம், அதன் கீழ் லொறி,
லொறிக்குள் தூங்கும் சாரதி,
மூன்றுக்கும் ஒரே நிறம்.
மனேஜர் ஜவாஹிர் தேத்தண்ணிக்குச் சொல்லியனுப்பினார்.
"பச்சையா? இஞ்ச பச்சை ஒண்டுமில்ல மிஸ்,
வயல்தான் பச்சை."
பாலத்துக்குக் கல் கொடுக்கும் டெண்டர் அவருக்கு
வருகிற மாதம்.

இடம்:
இரண்டாம் படி, வடக்கு முகம்.
கறுப்பு மைக்கா பட்டை பட்டையாய் ஓடுகிறது.
எந்த யுகத்திலோ வெடிப்பு வழியே சுடுநீர் ஏறியிருக்கிறது.
கறுப்பின் ஓரமெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கிறது,
விளக்காத செப்புக் குடத்தின் கழுத்தடி போல.

இடம்:
மழை விட்டு மூன்று நாளாகியும் நீர் கசியும் வரி.
தொட்டால் சவர்க்காரம்.
நகத்தால் கீறினேன், கீறல் விழுந்தது.

இடம்:
துளைகாரர் ஹயாத்து லெப்பையின் செருப்படி.
"நாங்க இதுக்குச் சொல்ற பேர் வழுக்கி.
வழுக்கியக் கண்டா அதுக்கு மேல ஏறி நிக்கமாட்டம்.
மருந்து வெச்சா கல்லு
நாம சொன்ன இடத்துலயா உடையும்?
அது நினைச்ச இடத்துலதான்."
வலக்கையில் இரண்டு விரல்கள்
அங்கே இல்லாத ஒரு பிடியைப் பிடித்தபடி இருந்தன.
நான் கேட்கவில்லை.

ஒரு செதிலைப் பிரித்து வளைத்துப் பார்த்தேன்.
மைக்காவும் இதுவும் ஒரே கட்டின் ஏடுகள் மாதிரி.
மைக்காவை வளைத்து விட்டால் துள்ளி நிமிரும்.
இது வளையும்.
விட்டால் வளைந்தபடியே கிடக்கும்,
முறியாது, திரும்பாது.
பேராதனையில் ஐந்து புள்ளிக்குப் பாடமாக்கிய வரி.
அந்த விரல்களைப் பார்க்காமலிருக்க
லென்சைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டேன்.

மதியம் சங்கு ஊதியது, வெடிக்கு ஆள் விலக.
எல்லோரும் பின்சரிவில் ஒதுங்கினோம்.
காரைப் பற்றைக்குள், பாறை முதுகில்,
வரிசையாகச் சதுரக் குழிகள்.
எந்த ராசா காலமோ.
கல் பிளக்க ஆப்பு இறக்கிய குழிகள்.
உள்ளே மழைநீர், ஒன்றில் தலைப்பிரட்டைகள்.
எண்ணினேன், ஒன்பது.
பத்தாவதுக்கு உளியால் அடையாளம் கீறியிருந்தான்.
கீறியதோடு சரி.
ஒரு சாண் தள்ளி, நரம்பு போல, அதே பச்சை.
கண்டிருக்கிறான்.
கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

வெடித்தது.
மலை ஒருமுறை விக்கியது.
தலைப்பிரட்டைகள் ஒரு மூலைக்கு ஓடி,
பிறகு மறந்து, மறுபடி நடுவுக்கு வந்தன.

பின்னேரம் ஜவாஹிர் மேசையருகே வந்து நின்றார்.
"நாலாம் கட்டத்துல இல்லை எண்டு போட்டா
எல்லாருக்கும் லேசு.
எழுபது பேர் சாப்பிடுற கல்லு மிஸ்."
எழுபது என்பது பொய்யில்லை.
காலையில் வரவுப் புத்தகத்தில் நானே பார்த்தேன்.
முப்பத்தொன்றாவது பெயர் ஹயாத்து லெப்பை.

எழுதினேன்.
நிரல் முடிந்து ஓரத்தில் ஏறியது எழுத்து,
ஓரமும் முடிய, தாளைத் திருப்பிப் பின்புறம்:
வடக்கு முகம் முழு நீளமும், நீர் கசியும் வரி,
பின்சரிவில் பத்தாம் கீறலுக்கு அப்பால் ஒரு சாண்.
இந்த வரிக்கு மேலே ஆள் நிற்கக்கூடாது.

கடைசியில் இன்னொரு சின்னக் கட்டம்:
முதலில் கண்டவர் பெயர்.
என் பெயரைத்தான் எதிர்பார்க்கிறது படிவம்.
பெயர் தெரியாத உளிக்காரர் ஒருவர், என்று எழுதி
கமா போட்டு
ஹயாத்து லெப்பை, துளைகாரர்.

ஜவாஹிர் தலைகீழாகவே வாசித்து முடித்தார்.
கொஞ்ச நேரம் கிரஷர் மட்டும் பேசியது.
"தேத்தண்ணி ஆறிட்டு மிஸ்," என்றார்.

மேலே கல்மாவு மெல்லிய ஏடாகப் படிந்திருந்தது.
விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.