ஈரப் பந்து

அப்பலசாமி வாயைத் திறந்தால்
இப்போது எங்கள் தோட்டத்து அணி நாறுகிறது.
ஊத்தான் மெலிந்தாங் முச்சந்தி,
பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய ஒட்டுக்கடை,
காலை ஏழரைக்கே தொடங்கிவிடுகிறார்:
‘இடது பக்கம் ஆடுறானே, அவனுக்குத் திரும்பி ஓடத் தெரியாது.
கடைசி பஸ் மாதிரி. போனா போனதுதான்.’
லோரிக்காரர்கள் சிரிக்கிறார்கள்.
செம்பனைக் குலை வெட்டப் போகும் வங்காளதேசத்துக்காரன்கூட
மொழி புரியாமல்
சிரிப்புக்காகச் சிரிக்கிறான்.

நான் சிரிக்கவில்லை.
நான் அணி மேலாளர். அதாவது
ஜெர்சி துவைக்கக் கொடுப்பவன்,
நன்கொடைப் புத்தகத்தோடு
இரும்புக்கடை வாசலில் நிற்பவன்.

முப்பத்தைந்து வருடம் இந்த மனிதர்
எங்கள் வாயாக இருந்தார்.
பால் கொட்டகைக் கூரையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி,
மூன்றாம் டிவிஷன் லயம் வரைக்கும் கேட்கும் குரல்.
ஆறு கோல் வாங்கித் தோற்ற அன்றைக்கும்
‘கடைசி விசில் வரை தலை குனியாத நம்ம பையன்கள்’ என்றார்.
பழியை நடுவர்மேல் போட்டார்,
காற்றின்மேல், கோல் கம்பத்தின் சாய்வின்மேல்,
ஒருமுறை சந்திர கிரகணத்தின்மேல்.
அப்போது ஒருவரும் கேட்கவில்லை
இது நியாயமா என்று.

போன வருடம் செயற்குழு கூடி
ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் செயலாளர் மகனும் போதும் என்று முடிவெடுத்தது.
கடிதம் இல்லை. வாய்வார்த்தைகூட இல்லை.
ஞாயிறன்று சலவைச் சட்டையில் வந்தவர்
தன் மேசையில் வேறொருவன் இருப்பதைப் பார்த்து
சைக்கிளைத் திருப்பினார்.
கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

வயிற்றெரிச்சல்,
அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.
ஆனால் வயிறு எரிகிறவன் சொன்னாலும்
இடது பக்கத்துப் பையன் திரும்பி ஓடுவதில்லைதான்.
சனிக்கிழமை மூன்று கோலும்
அந்தப் பக்கமாகத்தான் வந்தன.

நேற்று நேராகப் போய் எதிரில் உட்கார்ந்தேன்.
‘சோறு போட்ட அணி அண்ணே, இப்படிச் சந்தியில இழுக்கலாமா?’
தே தாரேயின் நுரையை ஊதி ஒதுக்கினார்.
‘சோறு எங்க போட்டீங்க? ஆட்டத்துக்கு ஒரு மீகூன் பொட்டலம்.’
பிறகு, மைக்கைத் தட்டிப் பார்ப்பவர்போல
கொஞ்சம் நிறுத்தி,
‘தொண்ணூத்தி மூணு. கிண்ணப் போட்டி.
உன் கையில இருந்து நழுவுச்சே, அந்தப் பந்து.
ஈரம்னு சொன்னேன்.
ஈரமில்ல.’

உள்ளே யாரோ ரொட்டி மாவை
மேசையில் அறைந்துகொண்டிருந்தார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல்
நான் அந்த ஈரத்தில்தான் குடியிருந்தேன்.
மழைப் பந்து, யார் பிடித்தாலும் நழுவும் என்று
சொல்லித்தான் மாமனார் பெண் கொடுத்தார்.
என் மகனுக்கு நானே சொன்னேன்,
ஒவ்வொரு முறையும் மழையைக் கொஞ்சம் கூட்டி.
உண்மையில் அன்று திடலில் மண் பறந்தது.
பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் தெரியும்;
ஆனால் ஒலிபெருக்கி சொன்னபின்
அவர்களுக்கும் கால் நனைந்துவிட்டது.
பந்து என் உள்ளங்கையில்
சூடாக, முழுசாக வந்து உட்கார்ந்தது.
அப்புறம் ஏன் என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

‘அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?’
‘மைக் கையில இருந்துச்சு.’
‘இப்ப?’
வெறும் இரண்டு கைகளையும் காட்டினார்,
சைக்கிள் சாவி மட்டும் விரலில் தொங்கியது.

அவர் தேநீருக்கும் நான்தான் கொடுத்தேன்.
எதற்காகக் கொடுத்தேன் என்று
கணக்கில் எழுதத் தெரியவில்லை.

மாலைப் பயிற்சியில்
இடது பக்கத்துப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்,
ஏண்டா திரும்பி ஓடமாட்டேங்கிற?
‘தரை சரியில்லண்ணே. வழுக்குது.’

நான் குனிந்து
புல்லைத் தொட்டுப் பார்த்தேன்.