மூன்றாம் நடை

பள்ளிப் பேருந்துதான்.
சனி ஞாயிறு மட்டும்
வயலில் கார் நிறுத்தியவர்களை
மேப்பிள் காட்டுக்கு ஏற்றிப்போகிறேன்.
குழந்தைகளின் இருக்கைகளில் முழங்கால் இடிக்க
கியூபெக் நகரத்துப் பல் மருத்துவர்கள்,
புத்தம்புது ரப்பர் பூட்ஸுகளோடு.

நேற்றிரவு உறையவில்லை.
இரவு உறையாவிட்டால் மரம் சுரக்காது.
மூடி போடாத வாளிகளில் இருப்பது
விடிகாலை மழை.
"சொல்லிடாதே, ழிஸ்லேன்" என்றான் ரெஜான்,
போன வாரத்துச் சாற்றைக்
கொப்பரையில் ஊற்றியபடி.
கூரை இடுக்கில் ஆவி கிளம்ப
எல்லோரும் கைதட்டினார்கள்.

நாற்பது குடம் வற்றி ஒரு குடம்,
ஒலிபெருக்கியில் யாரோ கணக்குச் சொல்ல
சிவப்புத் தொப்பிச் சிறுமி ஒருத்தி
வாளிக்குள் விரல் விட்டு நக்கினாள்.
"வெறும் தண்ணி."
"நல்லா கவனி, லேசா இனிக்கும்" என்றார் அப்பா.
மறுபடி நக்கினாள்.
என்னைப் பார்த்தாள்.
நான் டயரைப் பார்த்தேன்.

மூன்றாம் நடையில் அந்த டயர்தான் புதைந்தது,
அச்சு வரைக்கும்.
பனிமேல் ஊற்றிய கம்பிப்பதப் பாகைக்
குச்சியோடு வாயில் கவ்விக்கொண்டு
பல் மருத்துவர்கள் தள்ளினார்கள்.
ஒருவர் குப்புற விழுந்தார்,
குச்சியை விடவில்லை.
பேருந்து உறுமி மேலேறியபோது
ஆவிக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல்.
சிறுமியும் தட்டினாள்.

இருட்டியபின் சாவியை உருவுகிறேன்.
முன்கண்ணாடியின் ஓரத்தில்
உறைபனி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.
நாளைக்குச் சேறு இறுகும், வாளி நிறையும்,
ரெஜான் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

அவள் வரமாட்டாள்.
திங்கட்கிழமை வகுப்பில் சொல்வாள்,
மரத்திலிருந்து தண்ணிதான் வருதென்று.