ஏழாவது விதி

விதிகளை எழுதியது நான்தான்.
நீல பெயிண்ட், அரை இஞ்ச் பிரஷ்,
வியாசர்பாடி மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்
எங்கள் கேரம் கிளப்பின் சுண்ணாம்புச் சுவரில்.

அதற்கு முந்தின வாரம்
எத்திராஜுலு ஒரு சொல் சொன்னான்,
கஜபதியின் அம்மாவையும் தெருவையும் சேர்த்து.
ஸ்ட்ரைக்கர் பறந்தது. புருவத்தில் நாலு தையல்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில்
விடிய விடிய உட்கார்ந்து மனசுக்குள் எழுதினேன்:
கெட்ட வார்த்தை கூடாது.
சாதி, கட்சி கூடாது.
மீறினால் பத்து ரூபாய், ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

மூன்றோடு நிறுத்தியிருக்கலாம்.
பிரஷில் பெயிண்ட் மிச்சம் இருந்தது.

பட்டப்பெயர் கூடாது என்றதும்
பாதிப் பேரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.
இருபது வருஷமாய்ப் போண்டாவாக இருந்தவனிடம்
தயங்கித் தயங்கிக் கேட்டேன், உன் பேரு என்னப்பா.
லோகிதாசன்.
நல்ல பெயர்தான். அதில் கூப்பிட்டால்
அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏழாவது:
ஆட்டத்தின்போது வெளியாட்கள் பேசக் கூடாது.

மஸ்தான் ஒருநாளும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை.
ஆடவும் மாட்டார்.
மீன்பாடி வண்டியை ஓரங்கட்டிவிட்டு
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.
சிவப்பு விழுந்தால் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்:
"செவப்பு தனியா போவுதுடா,
தொணைக்கு ஆள அனுப்பு!"
முதல் வாரம் முப்பது ரூபாய் கட்டினார்.
நாலாவது பத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு
வண்டியை மிதித்தார்.

எத்திராஜுலு எங்கேயும் போகவில்லை.
வாயால் சொன்னதை இப்போது
பவுடர் தட்டுகிற விதத்தில் சொல்கிறான்,
கஜபதி உட்கார்ந்து எழுந்த ஸ்டூலைத் துடைக்கிற விதத்தில்.
அதற்கு எந்த எண்ணில் விதி எழுத?

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்.
ஜெயசீலியின் மகள் பெனிட்டா
ஒரு சாயங்காலம் சைக்கிளை நிறுத்தினாள்.
சுவரை முழுக்கப் படித்தாள்.
முதல் விதியை இன்னொரு தரம் படித்தாள்.
அப்புறம்தான் செருப்பைக் கழற்றினாள்.
இந்த அறையில் அதுவரை
அந்த அளவுச் செருப்பு கழன்றதில்லை.

பாலத்துக்குக் கீழே தார்ப்பாய் கட்டி
இப்போது இன்னொரு பலகை ஓடுகிறது.
மஸ்தான் குரல் ரயிலைத் தாண்டிக் கேட்கிறது.
போன மாதம் அங்கே ஒருத்தனுக்குப் பல் போயிற்று.
எங்கள் பையன்கள் ஆறு பேர் அங்கேதான்.

இங்கே ஃபேன் சத்தம்.
காயின் உரசுகிற சத்தம்.

நேற்று பெனிட்டா
மூலையில் ஒட்டிக்கிடந்த சிவப்பை
கட் அடித்து இறக்கினாள்.
அப்படி ஓர் அடி நான் பார்த்து வருஷமாகிறது.
ஒருத்தரும் மூச்சு விடவில்லை.
எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்,
பிறகு என்னை.

"செவப்பு தனியா போவுது..."
என் தொண்டையில் அது
ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வந்தது.
"தொணைக்கு ஆள அனுப்பு."

பலகையிலிருந்து அவள் நிமிரவில்லை.
ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்:
"அண்ணா, ஃபைன்."

சிரித்தாளா, தெரியாது.
சட்டைப் பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.