முட்டிக்குத் தோதான மைதானம்

மேட்டு மைதானம் வேண்டாம் என்றார் பூபாலன் நாயக்கர்,
வலது முட்டிக்குள் இருக்கும் உலோகத்தைத் தட்டிக்காட்டி.
"ஏழாவது குழிக்குப் பந்து ஏறும்,
நான் ஏறமாட்டேன்."

உம்கெனி ஆற்றோரம் ஒன்று உண்டு,
தோசைக்கல் மாதிரி.
மழைத்தண்ணீர்கூட
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்
நின்றுவிடும்.

"அங்கே பை சுமந்திருக்கிறேன், பதினாலு வயசில்.
அப்பவும் தட்டைதான்.
எனக்குத்தான் மூச்சு வாங்கும்."

சனிக்கிழமை, ஆறு ஐம்பது.
சாட்ஸ்வொர்த் சரிவுகளில்
பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினோம்.
வாடகைக்கு வண்டி இல்லை என்றார்கள்.
லுங்கெலோ என்ற பையன்
பையைத் தூக்க வந்தான்.

இரு என்றார் நாயக்கர்.
ஜிப்பைத் திறந்து
நாலு இரும்பு மட்டை, குடை,
பழைய பந்துகள் ஒரு டஜன்
எல்லாவற்றையும் கார் டிக்கியில் போட்டார்.

ஒற்றை விரலால் பையைத் தூக்கிப் பார்த்து
இன்னொரு மட்டையையும் உருவினார்.