ஒரு நேரம் அதிகம்

ஊசல் சோதனைக்கு வாங்கிய கடிகாரங்கள்
ஆய்வக அலமாரியில் இரண்டு.
அலமாரிச் சாவி என்னிடம் என்பதால்
வாலிநோக்கம் பள்ளி கிராஸ் கண்ட்ரிக்கு
நேரம் பார்க்கிறவன் நான்.
ஓடத் தெரியாது. அழுத்தத் தெரியும்.

முந்தின நாள்
பி.டி. சார் கிறிஸ்துராஜ் சைக்கிளை உருட்ட
முன்சக்கரத்துக் கம்பியில் கட்டிய சிவப்புத் துணி
மேலே வரும்தோறும் எண்ணிக்கொண்டு நடந்தேன்.
உப்பளத்து வரப்பு, பனங்காடு, கடற்கரை,
திரும்பவும் பள்ளி வாசல்.
இரண்டாயிரத்து நானூற்று ஏழு சுற்று.
நடுவில் செய்யதம்மாள் டீச்சர் போனில் கூப்பிட்டார்.
பத்துச் சுற்று முன்னே பின்னே இருக்கலாம்.

போட்ட சுண்ணாம்புக் கோட்டை
வாடைக்காற்று ராத்திரியே தின்றுவிட்டது.
முக்குக்கு முக்கு நண்டுவலை மிதவை கட்டினோம்.
கருவேலமுள் பொறுக்கினோம்,
வெறுங்காலில் ஓடுகிறவர்கள் இருபத்தொன்பது பேர்.

பத்து மணிக்கு ஏத்தம்,
எட்டரைக்குள்ள கடக்கரையத் தாண்டிருங்க என்றார்
வல்லத்துக்காரர் பூவலிங்கம்.
சிறப்பு விருந்தினர் வந்ததே எட்டு நாற்பதுக்கு.
சால்வையைப் போர்த்தி, போட்டோவுக்காக
இன்னொரு தடவை போர்த்தியபோது
தண்ணீர் இரண்டு முழம் ஏறியிருந்தது.

விசிலுக்கு அழுத்தவில்லை. கொடிக்கு அழுத்தினேன்.
சத்தம் பிந்தி வரும்.

பதினெட்டு நாற்பத்திரண்டு.
பத்தொன்பது மூன்று.
பத்தொன்பது மூன்று, இன்னொன்று.
நான் சொல்லச் சொல்ல முருகவள்ளி எழுதினாள்.
கயிற்றுப் பாதையின் கடைசியில் ஜெரோன்
எண் போட்ட ஐஸ் குச்சிகளை
வந்த வரிசையில் கையில் திணித்தான்.
முகம் பார்க்க ஏது நேரம்?
நெஞ்சு கோட்டைத் தொட்டதா, அடுத்தது.

எண்ணிப் பார்த்தால்
நேரம் அறுபத்து மூன்று.
குச்சி அறுபத்திரண்டு.

ஆளில்லாத நேரம் ஒன்று
பட்டியலுக்குள் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.
தப்பான இடத்தில் அதை அடித்தால்
ஒருவன் வாங்கிய மூச்சு இன்னொருவன் பேரில் ஏறும்.
இருபத்து மூன்று நிமிடத்துக்குள் வந்தால் மாவட்டம்.
முப்பத்தொன்றாம் குச்சி நாகூர் கனியுடையது:
ஒரு கணக்கில் இருபத்திரண்டு ஐம்பத்தெட்டு,
ஒரு கணக்கில் இருபத்து மூன்று பூஜ்யம் ஒன்று.

நாயாக இருக்குமோ சார் என்றாள் முருகவள்ளி.
நாய்க்கு நான் அழுத்தவில்லை.

ஜெரோன்தான் தலையைச் சொறிந்தான்.
ஒருத்தி குச்சி வேண்டாம்னுட்டுப் போனா சார்.
மூணாவது மிதவைகிட்ட நிறுத்தியிருந்தீங்களே,
ஒம்பதாம் வகுப்பு சேதுராக்கு.

மிதவையைக் கடல் எடுத்துக்கொண்டதாம்.
கையைக் காட்டினால் யாரும் பார்க்கவில்லையாம்.
பொடிமணலில் புதைந்து புதைந்து வந்தவர்களுக்கு
இறுகல் எங்கே என்று காட்ட
முன்னால் ஓடியிருக்கிறாள்.
நிற்கத் தோன்றாமல் கோடு வரைக்கும்.
பேர் இல்லாதவளுக்குக் குச்சி எதற்கு?

யாருக்கு முன்னாடி என்றேன்.
நாகூர் கனி கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.
எனக்கு முன்னாடிதான் சார்.
அவ காலு பதிஞ்ச எடத்துலதான் நான் வச்சேன்.

இருபத்து மூன்று பூஜ்யம் ஒன்று.
எழுதினேன்.
எழுதிய பிறகுதான் அந்தப் போன் ஞாபகம் வந்தது.
பத்துச் சுற்று என்றால் இருபத்தொரு மீட்டர்.
அவன் வேகத்துக்கு ஆறு நொடி.
என் கையில் ஆறு நொடி ஓட்டை,
அவனை நிறுத்தியதோ ஒரு நொடி.

மாலையில் வத்தம்.
கிறிஸ்துராஜ் அலுத்துக்கொண்டே சைக்கிள் கொடுத்தார்.
போனை அணைத்துவிட்டு எண்ணினேன்.
பனங்காட்டு முடிவில் ஆயிரத்து நூற்று அறுபத்தெட்டு.
அதற்கு மேல் எங்கே உருட்டுவது?
காலடி ஒன்றுகூட மிச்சமில்லை.
ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும்
சேதுராக்கு தூக்குவாளியோடு வந்தாள்.
இங்கிட்டு சார், இப்படி, இப்படியே வாங்க.

நாங்கள் அளந்த நேர்கோட்டை விட்டு
மேடேறி வளைந்துகொண்டே போனது அவள் வழி.
சிவப்புத் துணி மேலே வந்தது.
ஆயிரத்து நூற்று அறுபத்தொன்பது.